படத்தின் ஓரத்தில்

இப்ரியின் வெயில் கடைக்குள் வராது.
ஹைப்பர்மார்க்கெட் காய்கறிப் பிரிவில்
வருஷம் முழுக்க மார்கழி.
அங்கே தராசு முன்னால் தவசீலன்;
பல தேசத்துக் கைகள் நீட்டும் பைகளை
எடை போட்டுச் சீட்டு ஒட்டித் தருவான்.
பக்கத்தில் நான், மீன் வெட்டுகிறவன்.

நாலாம் கவுண்டரில் நகாட்டோ.
உகாண்டாக்காரி. இரட்டையில் இளையவளுக்கு
அங்கே அதுதான் பெயராம்;
மூத்தவள் பபிரியே, ஊரில்
தையல் மிஷின் வைத்திருக்கிறாள்.
இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?
எட்டுப் பேர் படுக்கும் அறையில்
மேல்கட்டில்காரன் போர்வைக்குள் பேசினால்
கீழ்க்கட்டிலுக்குத்தானே இறங்கும்.

வாழைக்காயில் தொடங்கியது.
மஞ்சள் தட்டாத கெட்டிப் பச்சை வேண்டும் அவளுக்கு,
அவித்து மசித்துச் சாப்பிட.
"எங்க ஊர்ல பொரியல்" என்றான் இவன்,
உள்ளங்கையில் விரலால் நறுக்கிக் காட்டி.
அதன்பிறகு லாரி வந்த நாளெல்லாம்
நல்ல சீப்பு ஒன்று
முட்டைக்கோசுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

மூன்று மாதம் அவ்வளவுதான்.
பிறகு வெள்ளிக்கிழமை மதியங்களில்
பூட்டிய கடைகளின் நிழலில் நடந்தார்கள்,
நடுவே ஓர் ஆள் போகும் இடம் விட்டு.
சின்ன ஊர். அந்த இடத்தைத்தான்
எல்லோரும் பார்த்தார்கள்.

சலூன்காரர் கண்ணாடிக்குள் கண்ணடித்தார்.
மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிறவர் கேட்டார்:
"காப்பிலிதான் கெடச்சாளா ஒனக்கு?
புள்ள பொறந்தா ராத்திரியில
டார்ச் அடிச்சுத் தேடணும்டா."
சிரித்தோம்.
நானும்தான்.
கத்தியைத் துடைத்தபோது அதன் அலகில் என் முகம்:
வேதாரண்யத்து உப்பளத்தில்
மூன்று தலைமுறை காய்ந்த நிறம்.
அவளைக் கொண்டுவந்து என் பக்கத்தில் நிறுத்தினால்
அவள்தான் சிவப்பு.
எனக்குப் பெண் தேடிய தாளில்
அக்கா 'மாநிறம்' என்று எழுதினாள்.
யாரும் டார்ச் கேட்கவில்லை.

படத்தை எடுத்தது நான்.
அறை ஜன்னல் வழியாக.
கேட்டுக்கு வெளியே அவன் சட்டைக் காலரை
அவள் மடித்துவிட்ட நேரம்.
அவன் அண்ணனுக்கு அனுப்பினேன்,
'நல்லதுக்குச் சொல்றேன்' என்று கீழே எழுதி.

அன்று இரவு ஸ்பீக்கரில் அவன் அம்மா:
"வெளிநாட்டுக்காரியக் கட்டு, வேணாங்கல.
அதுல ஒரு வெள்ளக்காரியாப் பாத்திருக்கக் கூடாதா?"
அவன் கேட்டான்: "அம்மா, நீ என்ன நெறம்?"
அந்தப் பக்கம் டிவி மட்டும் பேசியது.

படம் நின்ற இடத்தில் நிற்கவில்லை.
யார் போனுக்கோ போய், யார் போனிலிருந்தோ
சூப்பர்வைசரிடம் வந்தது.
கேம்ப் ஒழுங்கு என்றார் அவர்.
ஒழுங்கு தவசீலனை அதே தராசில் விட்டுவிட்டு
நகாட்டோவை மட்டும் கம்பெனி வேனில் ஏற்றி
பாலைக்கு நடுவே ஹைமா கிளைக்கு அனுப்பியது.
நாலாம் கவுண்டரில் இப்போது நேபாளப் பையன்.
சில்லறையை இரண்டு தடவை எண்ணுகிறான்.

இன்று வெள்ளி.
நிஸ்வா போய் வண்டி மாறவேண்டும்.
அரிசிப் பையில் நாலு சீப்பு அடுக்கி,
ஷூ கயிறு கட்டக் குனிந்தவன்
நிமிராமலே சொன்னான்:
"அந்தப் படத்துல ஓரமா
ஒன் கைலி காயுதுடா.
நீலக் கட்டம்."

அப்போதும் அதைத்தான் கட்டியிருந்தேன்.

என்ன சொல்வது என்று தெரியாமல்
பையின் இன்னொரு காதைப் பிடித்தேன்.
விடு என்று அவன் சொல்லவில்லை.
வா என்றும் சொல்லவில்லை.
பஸ் நிற்குமிடம் வரைக்கும்
வாழைக்காய் எங்கள் முழங்காலில் இடித்தபடி வந்தது.

பஸ் பத்து நிமிடம் தாமதம்.